ஜெர்மன் பீரில் ஏதோ சரியில்லையா? அறிகுறியை வைத்துக் குறையைப் பிடிப்பது எப்படி

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு ஜெர்மன் கோதுமை பீர் வாங்கி, இரண்டு வாய் குடித்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார்: "கலங்கலா இருக்கு, வாழைப்பழ வாடை வேற அடிக்குது. கெட்டுப்போச்சா? கொட்டிடவா?" கொட்டாதீர்கள் என்று உடனே பதில் போட்டேன். அந்தக் கலங்கலும் வாழைப்பழ வாசனையும் சேர்ந்ததுதான் ஹெஃபெவைசன். அதற்குத்தான் அவர் காசு கொடுத்திருக்கிறார்.

அதே வாரம், நூர்ன்பெர்க் பக்கத்தில் என் வீட்டு நிலவறையில், நானே காய்ச்சிய ஹெல்லஸ் (மென்மையான வெளிர் பீர்) பாட்டில் ஒன்றைத் திறந்தேன். சினிமா தியேட்டர் பாப்கார்ன் வெண்ணெய் வாடை. அது உண்மையான குறை, காரணம் நான்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. இப்போது ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் பீரின் வகையைப் பார்ப்பேன்: இந்த வகை இப்படித்தான் இருக்குமா? அப்புறம் கிளாஸ். அப்புறம் பாட்டில், அது வந்த வழி, கிடந்த இடம். கடைசியில்தான் காய்ச்சிய விதம். கிளாஸைக் கழுவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஈஸ்ட்டைச் சந்தேகப்பட்டு மறுபடி காய்ச்சினால் ஆறு வாரம் போகும். அதனால் கைக்குக் கிட்டே இருப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. கீழே உள்ளதும் அந்த வரிசையில்தான் போகிறது.

குறை மாதிரித் தெரியும், ஆனால் குறை இல்லை

ஹெஃபெவைசனின் கலங்கல் ஈஸ்ட்டாலும் கோதுமைப் புரதத்தாலும் வருவது. வாழைப்பழமும் கிராம்பும் அதன் ஈஸ்ட் உண்டாக்கும் வாசனைகள். தெளிவாக வேண்டும் என்றால் கிறிஸ்டால்வைசன் என்று வடிகட்டிய வகை தனியாகக் கிடைக்கிறது. தென் ஜெர்மனியின் பவேரியாவில், வடபகுதியான ஃபிராங்கோனியாவின் கெல்லர்பியரும் ட்ஸ்விக்கலும் வடிகட்டாதவை, லேசாக மங்கித்தான் இருக்கும். பெர்லினர் வைசெ புளிக்கும், அது லாக்டிக் அமிலப் புளிப்பு. லைப்சிக் ஊரின் கோஸெயில் புளிப்போடு உப்பும் கொத்தமல்லி விதையும் சேரும். நம் நாக்குக்கு அது மோரை நினைவுபடுத்துவதில் ஆச்சரியம் இல்லை.

அதிகம் பேர் பயப்படுவது பாம்பெர்க் ஊரின் ராவுக்பியரைப் பார்த்துத்தான். மால்ட்டை (முளைகட்டிய பார்லி போன்ற தானியம்) பீச் மரப் புகையில் உலர்த்துவதால் முதல் வாயில் புகைபோட்ட இறைச்சியின் வாடை முகத்தில் அடிக்கும். ஷ்லெங்கெர்லா விடுதியில் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையிலேயே, முதல் தடவை விசித்திரமாகத் தோன்றலாம், மனம் தளராதே என்ற பொருளில் எழுதியிருக்கும். விறகடுப்பில் சமைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது சீக்கிரமே பிடித்துவிடுகிறது. என் அம்மா இங்கே வந்திருந்தபோது கிளாஸை முகர்ந்துவிட்டு, "பழைய சமையல்கட்டு வாசனை" என்றார்.

நுரை நிற்கவில்லை, ஊற்றிய ஒரு நிமிடத்தில் காணோம்

கிளாஸைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எண்ணெய்ப் பசை, பாத்திரம் கழுவும் சோப்பின் மிச்சம், உதட்டுச் சாயம் ஆகிய மூன்றும் நுரையைக் கொல்லும். பால் குடித்த டம்ளரில் பீர் ஊற்றினால் எப்படி நிற்கும்?

சோதனை சுலபம். கிளாஸின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்துவிட்டு, ஈரமான சுவரில் கொஞ்சம் தூள் உப்பைத் தூவுங்கள். சுத்தமான கண்ணாடியில் உப்பு ஒரே சீராக ஒட்டும். பசை இருக்கும் இடத்தில் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விடுபடும். பீர் ஊற்றிய பிறகும் கண்டுபிடிக்கலாம்: குமிழிகள் உள்சுவரில் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது. வாசனை இல்லாத சோப்பில் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். துடைக்கும் துணியில் இருக்கும் எண்ணெயே போதும் மறுபடி கெடுக்க.

கிளாஸ் சுத்தம், ஆனாலும் நுரை இல்லை என்றால் ஊற்றும் விதத்தைப் பாருங்கள். கடைசி வரை கிளாஸைச் சாய்த்தே ஊற்றினால் வாயு முழுக்க பீருக்குள்ளேயே தங்கிவிடும். நுரையும் வராது, வயிறும் உப்பும். பாதிக்கு மேல் நிமிர்த்தி, நடுவில் விழும்படி ஊற்றுங்கள். நல்ல பில்ஸ் (கசப்பு தூக்கலான வெளிர் பீர்) ஊற்ற ஏழு நிமிடம் வேண்டும் என்று இங்கே ஒரு பழைய பேச்சு உண்டு. அவ்வளவு நேரம் எடுத்தால் வாயு போய், பீரும் சூடேறிவிடும். இரண்டு மூன்று நிமிடம் தாராளம். கொலோன் நகரத்தில் கோல்ஷ் பீரை 0.2 லிட்டர் மெல்லிய கிளாஸில் தருவதற்கும் இதுதான் நியாயம்: நுரை அடங்குவதற்குள் குடித்து முடித்துவிடலாம். போதும் என்று கிளாஸ் மேல் அட்டையை வைத்து மூடும்வரை அங்கே அடுத்தது வந்துகொண்டே இருக்கும்.

வைசனை, அதாவது கோதுமை பீரை, ஊற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறுகிறது. உயரமான அரை லிட்டர் வைசன் கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், ஈரத்தோடே எடுங்கள். கிளாஸை நன்றாகச் சாய்த்து, பாட்டிலின் வாய் சுவரைத் தொடும் அளவுக்குக் கொண்டுபோய் மெதுவாக ஊற்றுங்கள். பீர் ஏற ஏறக் கிளாஸை நிமிர்த்திக்கொண்டே வர வேண்டும். பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். இப்போது அடியைப் பார்த்தால் வெளுத்த வண்டல் படிந்திருக்கும். பாட்டிலை மேசை மேல் வட்டமாகச் சுழற்றி அந்த வண்டலைக் கிளப்பி, நுரைக்கு நடுவே விடுங்கள். தங்க நிறத்தில் பழுப்பு மேகம் மாதிரி அது இறங்குவதைப் பார்க்கலாம். இந்தக் கடைசிப் பங்கை விட்டுவிட்டால் பாதி வைசன்தான் கிடைக்கும்.

சப்பென்று இருக்கிறது, சுவையே தெரியவில்லை

அனேகமாக அளவுக்கு மீறிய குளிர். நம் ஊர்ப் பழக்கப்படி உறையும் தறுவாயில் குடித்தால் நாக்கு மரத்துப்போகும், வாசனை மேலே எழாது. ஹெல்லஸ், பில்ஸ் இரண்டுக்கும் 7 முதல் 8 டிகிரி செல்சியஸ், வைசனுக்கு 8 முதல் 10, டோப்பல்பாக் போன்ற கனத்த பீருக்கு 10 முதல் 12. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு பத்து நிமிடம் மேசையில் வையுங்கள். அதற்கு அப்புறமும் சப்பென்றே இருந்தால் வகையை யோசியுங்கள். ஹெல்லஸ் சத்தம் போடாத பீர். 1894-இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ப்ரூவரி அதைக் கொண்டுவந்தபோது, பில்ஸ்னரின் வெளிர் நிறம் வேண்டும், அதன் கூர்மையான கசப்பு வேண்டாம் என்பதுதான் கணக்கு. புதிதாகச் சுட்ட ரொட்டியின் உட்பகுதி மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு, அவ்வளவுதான். ஐபிஏ என்ற கசப்பு மிகுந்த பீர் குடித்துப் பழகிய நாக்குக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

எரிந்த ரப்பர், கெட்ட பூண்டு, கஞ்சாப் புகை மாதிரி ஒரு நெடி

ஆங்கிலத்தில் இதற்கு ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரைச் சொல்வார்கள். அந்த விலங்கு நம் நாட்டில் கிடையாது, அதனால் இந்த மூன்றையும் கலந்து நினைத்துக்கொள்ளுங்கள். காரணம் ஒன்றே ஒன்று: வெளிச்சம். பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் மேல் ஒளி படும்போது, பீரில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின் அதை உடைக்கத் துணைபோகிறது. உடைந்த துண்டு கந்தகத்தோடு சேர்ந்து இந்த நெடியாகிறது. துளியிலும் துளி இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். நேரடி வெயிலில் இதற்குச் சில நிமிடங்கள் போதும்.

கண்டுபிடிக்கும் வழி: பாட்டிலின் நிறம். பச்சையோ வெள்ளையோ என்றால் அனேகமாகக் கடையின் கண்ணாடி அலமாரி விளக்குதான் குற்றவாளி. பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கிறது, டின்னும் பீப்பாயும் முழுக்கத் தடுக்கின்றன. பழுப்புப் பாட்டிலில் இருந்து ஊற்றியும் இந்த நெடி வந்தால், உங்கள் கிளாஸ் வெயிலில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதல் கோடையில் பால்கனியில் உட்கார்ந்து ஒரு பில்ஸைப் பாதி குடித்திருந்தேன். முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி நாறியது. ஒரே கிளாஸ்! பவேரியாவின் பீர் தோட்டங்களில் செஸ்ட்நட் மரங்கள் நிற்கின்றனவே, கீழே இருந்த பீர் நிலவறையைக் குளிர்ச்சியாக வைக்க நட்டவை அவை. இன்று அதே நிழல் உங்கள் கிளாஸையும் காக்கிறது. ஃபிராங்கோனியாவில் பீரைக் கல் குவளையில் ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். நிறம் தெரியாது, ஆனால் வெளிச்சமும் போகாது.

நெடி வந்த பாட்டிலைத் திருத்த முடியாது. அடுத்த தடவை, கடையில் முன்வரிசைப் பாட்டிலை விட்டுவிட்டு அட்டைப்பெட்டிக்குள் இருப்பதைக் கேளுங்கள். டின் கிடைத்தால் தயங்காமல் டின் வாங்குங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி, பழைய காகிதம், தேன் கலந்த ஒரு மந்தம்

இறக்குமதி பீரின் பொதுவான நோய் இது. வயதும் வெப்பமும் சேர்ந்து செய்வது. அடைக்கும்போது உள்ளே புகுந்த கொஞ்சம் ஆக்சிஜன், மாதக்கணக்கில் வேலை செய்து நறுமணத்தைத் தின்றுவிட்டு, டிரான்ஸ்-2-நோனெனால் என்ற அட்டை வாசனைப் பொருள் தலைதூக்க இடம் கொடுக்கிறது. குளிரில் இது மெதுவாக நடக்கும், சூட்டில் ஓடும். கப்பல் கன்டெய்னரிலும், துறைமுகக் கிடங்கிலும், மே மாதக் கடை மாடியிலும் கிடந்த ஹெல்லஸ் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சீட்டில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஜெர்மன் ப்ரூவரிகள் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை குடிக்கலாம் என்று தேதி போடுகின்றன. அந்தத் தேதிக்குள் இருக்கிறது என்பதால் புதியது என்று எண்ணிவிடக் கூடாது. இந்தியாவில் விற்கும் பாட்டிலில் தயாரித்த தேதி இருக்கும், அதைத்தான் நான் நம்புவேன். வெளிர் பீர் என்றால் நான்கு மாதத்துக்குள். வைசனும் அப்படித்தான். முதலில் காணாமல் போவது அந்த வாழைப்பழ வாசனைதான், மிச்சம் இருப்பது வெறும் கோதுமைத் தண்ணீர். டோப்பல்பாக் மட்டும் விதிவிலக்கு. 18 டிகிரி பிளாட்டோவுக்கு (நொதிக்கும் முன் மால்ட் கஷாயத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலியவற்றின் அளவு) குறையாத அடர்த்தியில் காய்ச்சுவதாலும், கருத்த மால்ட்டாலும், வயதாகும்போது உலர்ந்த பேரீச்சை, திராட்சை வாசனையாக மாறி அழகாகவே இருக்கும். ஆகவே தொலைவில் இருப்பவர்கள் இறக்குமதியில் டோப்பல்பாக் தேடுங்கள். வைசன் வேண்டும் என்றால் பெங்களூரு மாதிரி ஊர்களின் மைக்ரோப்ரூவரிகளில் போய்க் குடியுங்கள். அங்கே அது கலனிலிருந்து நேராகக் கிளாஸுக்கு வருகிறது. பிறந்த ஊர் எது என்பதைவிட எத்தனை வாரம் ஆயிற்று என்பதுதான் இந்த வகைக்கு முக்கியம்.

திறந்ததும் பொங்கி வழிகிறது

வாங்கிய பாட்டில் என்றால் குலுங்கியிருக்கலாம், சூடாக இருக்கலாம். ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறவுங்கள். வைசனில் வாயு இயல்பாகவே அதிகம், லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பில்ஸ், ஹெல்லஸில் 5 கிராம் அளவுதான்.

வீட்டில் காய்ச்சியது பொங்கினால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். கணக்கு இதுதான். 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே லிட்டருக்கு 1.7 கிராம் வாயு கரைந்திருக்கும். பாட்டிலில் சேர்க்கும் ஒரு கிராம் சர்க்கரை சுமார் அரை கிராம் வாயு தரும். ஹெல்லஸுக்கு 5 கிராம் வேண்டும் என்றால் லிட்டருக்கு ஆறரை கிராம் சர்க்கரை. வைசனுக்கு 7 கிராம் வேண்டும் என்றால் பத்தரை கிராம். இதை 20 லிட்டருக்கு 130 கிராம், 210 கிராம் என்று பெருக்கித் தராசில் நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது.

சர்க்கரை சரி, ஆனாலும் பொங்குகிறதா? நொதித்தல் முடியும் முன்பே அடைத்துவிட்டீர்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.010-க்கு இறங்க வேண்டியதை 1.014-இல் அடைத்தால், அந்த நான்கு புள்ளி மட்டுமே லிட்டருக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் வாயுவை மேல்வரவாகக் கொண்டுவரும். சர்க்கரையோடு சேர்த்தால் ஹெல்லஸ் பாட்டிலுக்குள் வைசனையும் மிஞ்சிய அழுத்தம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, அளவு மாறவில்லை என்றால் மட்டும் அடையுங்கள். ஏற்கெனவே அடைத்துவிட்டவர்கள் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு, பாட்டில்களைத் தடித்த துணியில் சுற்றி, குளிர வைத்து, கம்பிப் பூட்டு மூடி என்றால் ஒவ்வொன்றாக மெல்லத் திறந்து வாயுவை விட்டு மூடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் பொங்கி, அதில் புளிப்பும் இருந்தால் அந்தப் பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை. எல்லாமே புளித்தால் கலன், குழாய், அடைக்கும் கருவி எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கீறலுக்குள் இருக்கும் பாக்டீரியாவை எந்த மருந்தும் எட்டாது.

வீட்டில் காய்ச்சுவது பற்றிய பேச்சு இனிமேல் அதிகம் வரும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 2024 முதல் சொந்த உபயோகத்துக்கு வருடம் 500 லிட்டர் வரை வரி இல்லாமல் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

என் வைசனில் வாழைப்பழமே இல்லை (அல்லது வாழைப்பழம் மட்டும்தான் இருக்கிறது)

முதல் கேள்வி ஈஸ்ட். பவேரியக் கோதுமை ஈஸ்ட் இல்லாமல் எந்த வித்தை செய்தாலும் வைசன் வராது. பவேரியாவின் வைஹென்ஸ்டெஃபான் ஈஸ்ட் சேகரிப்பில் 68 என்ற எண்ணுள்ள ஈஸ்ட்தான் பலரும் நம்புவது. பாக்கெட்டில் கோதுமை பீர் என்று எழுதியிருந்தாலே போதாது, பவேரிய வகை என்று சொல்கிறதா பாருங்கள்.

ஈஸ்ட் சரி என்றால் வெப்பநிலை. வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிடேட், சூடு கூடினால் கூடும், போடும் ஈஸ்ட்டின் அளவு குறைந்தாலும் கூடும். 16 டிகிரியில் நிறைய ஈஸ்ட் போட்டால் பீர் சுத்தமாக, பேசாமல் இருக்கும். நான் 17-இல் போட்டு, இரண்டாம் நாளிலிருந்து தானாக 20, 21 வரை ஏற விடுகிறேன். 24-ஐத் தாண்டினால் பழம் அழுகிய மாதிரி ஆகி, தலைவலி தரும் கனத்த ஆல்கஹால்களும் சேரும்.

கிராம்பு வேண்டும் என்றால் வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவிடும்போது முதலில் 43 முதல் 45 டிகிரியில் ஒரு கால்மணி நேரம் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் பிரிகிறது. ஈஸ்ட் அதைத்தான் கிராம்பு வாசனையாக மாற்றுகிறது. இந்த ஒரு நிறுத்தம் என் வைசனை மாற்றியது போல வேறு எதுவும் மாற்றவில்லை. முதல் தடவை செய்தபோது, மூன்றாம் நாள் கலனின் மூடியைத் திறந்ததும் பிரியாணிக்குத் தாளிக்கிற நேரத்துச் சமையலறை ஞாபகம் வந்தது.

வெண்ணெய், பாப்கார்ன், நாக்கில் வழவழப்பு

இது டைஅசிடைல். ஹெல்லஸ், மார்ட்சன், பில்ஸ் காய்ச்சுகிறவர்களின் முதல் எதிரி. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது, ஆகவே இன்னொருவரையும் முகரச் சொல்லுங்கள். செக் பில்ஸ்னரில் இதை ஓரளவு ஏற்றுக்கொள்வார்கள், ஜெர்மன் லாகரில் (குளிரில் நொதிக்கவைத்து, குளிரிலேயே கிடத்தும் இந்த வகைகளில்) கூடாது.

நடப்பது இப்படி. ஈஸ்ட் வளரும்போது ஒரு முன்பொருளைப் பீருக்குள் கசியவிடுகிறது. அது மெதுவாகத் தானாகவே டைஅசிடைலாக மாறுகிறது. அப்புறம் அதே ஈஸ்ட் அதை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு வாசனையற்றதாக ஆக்கிவிடுகிறது. இந்தக் கடைசி வேலைக்குச் சூடும் நேரமும் வேண்டும். 10 டிகிரியில் நொதிக்க வைத்துவிட்டு, குமிழி அடங்கியதும் அவசரப்பட்டு 1 டிகிரிக்கு இறக்கினால் ஈஸ்ட் தூங்கிவிடும், முன்பொருள் அப்படியே நிற்கும். பாட்டிலில் வாரங்கள் கழித்து வெண்ணெயாக வெளிப்படும். போன மாதம் என் ஹெல்லஸில் நடந்தது இதுதான். ஊருக்குப் போகும் அவசரத்தில் இறக்கிவிட்டேன்.

தடுக்கும் வழி: நொதித்தல் முக்கால்வாசி முடிந்ததும் 16 டிகிரிக்கு ஏற்றி, இரண்டு மூன்று நாள் அங்கேயே விடுங்கள். முடிந்ததா என்று காலண்டரைப் பார்க்காமல் பீரையே கேளுங்கள். இரண்டு சின்ன ஜாடிகளில் தலா அரை டம்ளர் பீர் எடுத்து மூடுங்கள். ஒன்று சமையல் மேடையில் இருக்கட்டும். இன்னொன்றை 60 டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் அரைமணி நேரம் நிறுத்துங்கள். சூடு முன்பொருளை அவசரமாக டைஅசிடைலாக மாற்றிவிடும். பிறகு இரண்டையும் ஒரே அளவுக்கு ஆறவைத்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து முகருங்கள். இரண்டிலும் வெண்ணெய் இல்லை என்றால் தாராளமாகக் குளிருக்கு இறக்கலாம். சூடாக்கியதில் மட்டும் இருந்தால் முன்பொருள் பாக்கி, இன்னும் இரண்டு நாள் விட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டிலும் இருந்தால் ஈஸ்ட் சோர்ந்துபோயிருக்கிறது. கலனை மெதுவாகச் சுழற்றி ஈஸ்ட்டைக் கிளப்பி, 18 டிகிரி வரை ஏற்றுங்கள். அதுவும் போதவில்லை என்றால் வேறொரு கலனில் துடிப்பாக நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் ஒரு லிட்டர் எடுத்து இதில் ஊற்றினால் அது வந்து சுத்தம் செய்துவிடும்.

ஈஸ்ட் சோர்வதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு குறைவாகப் போட்டதுதான். லாகருக்கு, சூட்டில் நொதிக்கும் ஏல் வகையைவிட இரண்டு பங்கு ஈஸ்ட் வேண்டும். 20 லிட்டருக்கு உலர் ஈஸ்ட் என்றால் 11.5 கிராம் பாக்கெட் இரண்டு. ஒன்றில் முடிக்கப் பார்த்த நாட்களில் எனக்கு வெண்ணெய் மட்டுமே மிஞ்சியது.

வேகவைத்த மக்காச்சோளம், முட்டைக்கோஸ்

டைமெத்தில் சல்ஃபைடு. வெளிர் பில்ஸ் மால்ட்டில் இதன் மூலப்பொருள் அதிகம். கொதிக்கும்போது உடைந்து ஆவியோடு போக வேண்டும், ஆகவே 90 நிமிடம், நன்றாகப் புரளும் கொதி, மூடி இல்லாமல். குளிர்காலத்தில் சமையலறை முழுக்க ஆவி படிகிறது என்று நான் ஒருதடவை மூடியைப் பாதி மூடி வைத்தேன். மூடியின் அடியில் கோத்த நீர் சொட்டுச் சொட்டாகத் திரும்பிப் பானைக்குள் விழுந்தது, போக வேண்டியதெல்லாம் அதோடு திரும்பியது. அடுப்பை அணைத்த பிறகும் சூடான மால்ட் கஷாயத்தில் அது உண்டாகிக்கொண்டே இருக்கும், வெளியேற ஆவிதான் இருக்காது. அதனால் சீக்கிரம் ஆற்றுங்கள்.

அழுகிய முட்டை, கொளுத்திய தீக்குச்சி

லாகர் நொதிக்கும்போது வந்தால் கவலையே வேண்டாம். ஈஸ்ட் கந்தகம் விடுகிறது, குளிரில் வாரக்கணக்கில் கிடக்கும்போது போய்விடும். பாட்டிலில் வந்தால் இன்னும் மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள்.

பச்சை ஆப்பிள்

ஈஸ்ட்டிடமிருந்து பீரைச் சீக்கிரம் பிரித்துவிட்டீர்கள். வெண்ணெய்க்குச் சொன்ன மருந்தே இதற்கும்.

டிஞ்சர், மருந்துக்கடை, பிளாஸ்டர் வாடை

தண்ணீரில் குளோரின். அது மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்து இப்படி நாறும். ஜெர்மன் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் குளோரின் இல்லாமலே வருவதால் இங்கே அரிது. சிங்கப்பூர், டொரண்டோ போல குளோராமின் கலக்கும் ஊர்களில் தண்ணீரைக் கொஞ்ச நேரம் காய்ச்சி ஆற்றினால் மட்டும் போகாது. 20 லிட்டருக்குக் கால் காம்டென் மாத்திரை (குளோரினை முறிக்கும் சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலக்கிவிட்டால் தீர்ந்தது. கழுவும் தண்ணீரில் பிளீச் மிச்சம் இருந்தாலும் இதே கதிதான்.

கசப்பு தொண்டையில் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது

ஹாப்ஸைக் குறைக்கும் முன் கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படலம் கட்டியிருந்தால் உங்கள் தண்ணீர் கார்பனேட் அதிகமுள்ள கடினநீர். அதில் வெளிர் மால்ட் ஊறும்போது காரத்தன்மை கூடி, உமியின் துவர்ப்பையும் இழுத்துக்கொண்டு வரும். மியூனிக் நெடுங்காலம் கருத்த பீர் காய்ச்சியதற்கு அதன் தண்ணீர் ஒரு காரணம். 1842-இல் யோசெஃப் க்ரோல் என்ற பவேரியர் பில்சென் நகரின் மிருதுவான தண்ணீரில்தான் அந்தப் பொன்னிற லாகரைக் காய்ச்ச முடிந்தது. கருத்த மால்ட்டின் இயல்பான அமிலம் கடினநீரைச் சமன் செய்துவிடும், வெளிர் மால்ட்டால் முடியாது. ஜெர்மானியர்கள் இதற்கு வெளி அமிலம் சேர்ப்பதில்லை. லாக்டிக் அமிலம் ஊறிய சாவர்மால்ட்ஸ் என்ற மால்ட்டையே கலக்கிறார்கள். மொத்த மால்ட்டில் ஒரு சதவீதம் சேர்த்தால் பிஎச் அளவு சுமார் 0.1 இறங்கும். 5.3 முதல் 5.5-க்குள் கொண்டுவாருங்கள். நான் மூன்று சதவீதம் போடுகிறேன், அதே ஹாப்ஸ் இப்போது நாக்கில் தட்டிவிட்டு மரியாதையாகப் போய்விடுகிறது.

எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் முரடாக இருக்கிறது

மூக்குக்கு ஒன்றும் தட்டவில்லை, நுரை நிற்கிறது, இருந்தும் ஓரங்கள் கூர்மையாக, பச்சையாக இருக்கின்றன என்றால் அது இன்னும் ஆகவில்லை. ஜெர்மன் மொழியில் லாகர் என்ற சொல்லுக்கே சேமித்து வைக்கும் இடம் என்றுதான் பொருள். 1553-இல் பவேரியாவில் செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம் என்று விதி வந்தது. மார்ச்சில் காய்ச்சிய கடைசிப் பீர்தான் நிலவறையில் கிடந்து கோடையைத் தாங்கியது, மார்ட்சன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

ஹெல்லஸுக்கு 0 முதல் 2 டிகிரியில் நான்கு வாரமாவது கொடுங்கள், மார்ட்சனுக்கு ஆறு முதல் எட்டு. ஈஸ்ட்டும் புரதமும் மெல்ல அடியில் படியும், கந்தகம் போகும், கசப்பு வட்டமாகும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே ஒரு பாட்டில் திறந்து, தேதி போட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள். என் நோட்டில் சென்ற வசந்தகால மார்ட்சனுக்கு இரண்டாம் வாரம் "பச்சை, தீக்குச்சி" என்று இருக்கிறது. நான்காம் வாரம் "பரவாயில்லை". ஏழாம் வாரம் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்திருந்தார், பேசிக்கொண்டே நான்கு பாட்டில் முடிந்துவிட்டது.